வெங்காயப் பாத்தியில் சினிமா மழை

விசிறி சுழலும் அந்தச் சின்ன விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், “என்ன அலுவலாய் யாழ்ப்பாணம் போறியள்?” என்று கேட்டார். “குப்பை விஷயமாக” என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பலாலியில் இறங்கும்வரை பேச்சுக் கொடுக்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. சினிமாவில் தயாரிப்பு நிர்வாகியாகப் பல வருடம் குப்பை கொட்டியவள் நான், இரண்டு அர்த்தத்திலும். ஒரு படப்பிடிப்பு முடிந்து நாங்கள் கிளம்பிய இடத்தைத் திரும்பிப் பார்த்தால் பொருட்காட்சி முடிந்த மைதானமே தேவலை என்றிருக்கும். தண்ணீர் பாட்டில், தெர்மோகோல், பிளைவுட், காகிதக் கப்பு, நாள் முழுக்க ஜெனரேட்டர் கக்கிய டீசல் புகை. இப்போது எடுக்கும் தொடரை வாங்கியிருக்கும் ஓடிடி நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது: இதையெல்லாம் குறைக்க ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து யூனிட்டில் எனக்குப் பெயர் ‘குப்பை மேடம்’.

யாழ்ப்பாணப் பகுதிதான் எனக்குப் பரீட்சை. இங்கே ஒழுங்காக நடந்தால் கம்பெனியின் மற்ற படங்களுக்கும் இதே விதிகள் என்று தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நடக்காவிட்டால், “நல்ல யோசனைதான், அடுத்த தடவை பார்க்கலாம்” என்பார். சினிமாவில் ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்றால் பாடை கட்டியாயிற்று என்று அர்த்தம். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதில்லை என்ற முடிவோடுதான் பெட்டி கட்டினேன்.

விமான நிலையத்துக்கு அன்ரன் வந்திருந்தார். குருநகர்க்காரர், எங்களுக்கு வேன் ஓட்ட அமர்த்தப்பட்டவர். வேனில் ஒவ்வொரு இருக்கைப் பையிலும் புதுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று பளபளவென்று நின்றது.

“உங்களுக்கெண்டுதான் அக்கா வாங்கி வைச்சனான்” என்றார்.

வந்து இறங்கியதும் ஆரம்பிக்க வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பாட்டில் வேண்டாம், எல்லாருக்கும் பெரிய பானைகளில் தண்ணீர் வைக்கப் போகிறோம், ஆளுக்கொரு டம்ளர் என்று முழு உபந்நியாசத்தையும் வண்டி கிளம்புவதற்குள் நடத்தி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்ப நான் குடிக்கிறன்” என்று ஒரு போத்தலைத் திறந்தார்.

நெல்லியடியில் சாப்பிட நிறுத்தினார். தோசை வந்தது. கூடவே செத்தல் மிளகாய்ச் சம்பல் வந்தது. சாம்பார் வரும் என்று சமையலறையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சம்பலை ஒரு வாய் வைத்த பிறகு சாம்பாரை மறந்துபோனேன். காது வரை காரம் ஏறியது. அதற்கு மேல் பால் இல்லாத பிளேன்ரீ ஒன்று குடித்தேன், பனைவெல்லப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. சென்னையில் டீயில் சர்க்கரையைக் கரைத்து அந்தச் சுகத்தைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

ஆனால் அதே கடையில்தான் எதிரியையும் பார்த்தேன். மெல்லிய பாலிதீன் தாள். ‘லஞ்ச் சீற்’ என்கிறார்கள். சோற்றை அதில் கொட்டி, கறிகளை வைத்து, மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தட்டில் சாப்பிட்டால்கூடத் தட்டின் மேல் அதை விரித்துத்தான் பரிமாறுகிறார்கள், கழுவும் வேலை மிச்சம் என்று. எங்கள் யூனிட் மூன்று வேளையும் இதில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். யூனிட்டுக்குச் சாப்பாடு தரப் போவதும் இந்தக் கடைதான். முதலாளியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். வாழையிலை, அல்லது வெறும் தட்டு, கழுவ எங்கள் ஆட்களே முறை வைத்து வருவார்கள் என்றேன்.

“சினிமாக்காரர் கோப்பை கழுவுவினமோ?” என்று கேட்டார் அவர். கோப்பை என்றால் இங்கே தட்டு.

“கழுவுவார்கள்” என்றேன். எப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது.

மறுநாள் டம்ளர் வாங்க யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனோம். ஒரு சாக்கு நிறைய எவர்சில்வர் டம்ளர் வாங்கி முடித்தபோது வேனின் கிளட்ச் மண்டையைப் போட்டது. அன்ரன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கால்களை மட்டும் வெளியே நீட்டி, “அக்கா, நீங்கள் பஸ்ஸிலை போங்கோ, நான் பின்னேரம் வாறன்” என்றார்.

பேருந்து ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் சாக்கு கணகணவென்று சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துநர் வந்தார்.

“என்னக்கா, கலியாண வீடோ?”

“இல்லைங்க, ஷூட்டிங்.”

“அப்ப கடைசியிலை கலியாணம் நடக்குமோ, நடக்காதோ?”

கதையைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். பின்னிருக்கையில் ஒரு பெண், “அப்ப நடக்காது” என்று தீர்ப்புச் சொன்னார். பேருந்தே சிரித்தது. எங்கள் ஊராக இருந்தால் சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டு, வழியை மறைத்ததற்குத் திட்டும் வாங்கியிருப்பேன். இங்கே இறங்கும்போது இரண்டு பேர் சாக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் கரவெட்டிப் பக்கம் லொகேஷனைப் பார்க்கப் போனேன். கதாநாயகியின் வீடாக நாங்கள் பிடித்திருந்தது கனகரத்தினம் என்பவருடைய வீடு. எனக்கும் அங்கேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். முற்றம், வேலி, வேலிக்கு அப்பால் கிணறு, கிணற்றைச் சுற்றித் தோட்டங்கள். தோட்டம் என்றதும் நம்மூரில் ரோஜாவும் மாமரமும் நினைவுக்கு வரும். இங்கே அது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற விளைநிலம். கலை இயக்குநர் வாசலுக்குத் தெர்மோகோலில் ஒரு பழைய மதில் செய்யத் திட்டமிட்டிருந்தார். அதைத் தடுத்து, பக்கத்தில் வேலி பிரித்தவர்களிடம் பழைய கிடுகுகளை, அதாவது பின்னிய தென்னோலைகளை, கேட்டு வாங்கினேன். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைத் தோட்டத்து மண்ணுக்கே உரமாகப் புதைத்துவிடலாம். ஒரு நாளில் இரண்டு வெற்றி என்று சந்தோஷமாகக் கிணற்றடியில் நின்றிருந்தேன்.

அப்போதுதான் புவனேஸ்வரி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கையில் மண்வெட்டி. பக்கத்து வெங்காயத் தோட்டம் அவருடையது.

“தங்கச்சி, சனிக்கிழமை இந்தக் கிணத்திலை தண்ணி எடுக்கப் போறியளெண்டு ஒரு கதை அடிபடுது. மெய்யோ?”

மெய்தான். தொடரின் முக்கியமான காட்சி ஒரு மழைக் காட்சி. வெளிநாட்டுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்த பெண், கடைசி நிமிடத்தில் மனம் மாறி முற்றத்தில் இறங்கி மழையில் நிற்கிறாள். ஆவணி வெயிலில் யாழ்ப்பாணத்தில் மழைக்கு எங்கே போவது? செயற்கை மழைதான். அதற்குத் தண்ணீர் தரக் கனகரத்தினம் சம்மதித்திருந்தார் என்றேன்.

“அவர் தந்தது புதன்கிழமையை. சனி என்ரை முறை.”

விளங்கப்படுத்தினார். அந்தக் கிணறு ஒருவருடையது அல்ல. சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் பங்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அன்றைக்கு அவர் மட்டும் இறைப்பார். மற்றவர் ஒரு வாளி குடிதண்ணீர் அள்ளலாம், தோட்டத்துக்கு எடுக்க முடியாது. தன் நாளைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை பயிர் காய வேண்டியதுதான். சென்னையில் கதாநாயகியின் தேதி மாறியதும் நாங்கள் படப்பிடிப்பைப் புதனிலிருந்து சனிக்குத் தள்ளியிருந்தோம். தேதி தள்ளுவது எங்களுக்குத் தும்முவது மாதிரி. கனகரத்தினத்துக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவரும் “ஓம், ஓம்” என்றிருக்கிறார்.

அவரிடமே போய்க் கேட்டேன்.

“வீடு எண்டைக்கும் என்ரை, எண்டைக்கும் வாங்கோ. தண்ணி புதன் மட்டும்தான் என்ரை. சனிக்குப் புவனத்தைக் கேப்பினம்தானே எண்டு நினைச்சன். உது தெரியாத ஆக்களும் இருப்பினமோ?” என்றார். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். கிணற்றுக்கு முறை உண்டு என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி அவருக்கு. அதைப் போனில் வேறு சொல்ல வேண்டுமா?

திரும்பி வந்து புவனேஸ்வரியிடம் ஒரே ஒரு சனிக்கிழமையை விட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்கு கூசியது.

“போன முறை போட்ட வெங்காயம் காலம் தப்பின மழையிலை அழுகிப் போச்சு. இதுதான் மிச்சம். இதிலைதான் அடுத்த போகத்துக்கு விதை எடுக்கோணும். இப்ப வெங்காயம் பருக்கிற நேரம், தங்கச்சி. இந்த முறை தண்ணி விடாட்டில் விதையும் இல்லை, ஒண்டும் இல்லை.”

“புரியுது அக்கா” என்றேன்.

“அதோடை, உங்கடை ஆக்கள் பெரிய மிசின் வைச்சு ஒரேயடியா இறைச்சால் உவர் ஏறும். பேந்து கிணறு ஆருக்கும் உதவாது.”

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருவான்மியூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் போட்டி போட்டு உறிஞ்சி, போர்த் தண்ணீர் உப்பாகி வருடக்கணக்காகிறது. டீ போட்டால் பால் திரிந்துபோகும். குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற நாங்கள் இன்னொரு ஊரின் கிணற்றையும் அப்படி ஆக்கிவிட்டு, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த படப்பிடிப்பு’ என்று போட்டுக்கொள்வதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாட்டிலையும் டம்ளரையும் விடப் பெரிய விஷயம் இதுதான். இந்த அம்மாவின் சனிக்கிழமையை எடுக்கக் கூடாது. அதில் மாற்றமில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அன்று மாலை இயக்குநர் சக்தி வந்து சேர்ந்தார். திறமைசாலி, நல்ல மனிதர், தன் ஷாட் என்று வந்துவிட்டால் காது கேட்காது. விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு நாள் தண்ணிதானே மேடம்? ஏதாவது பேசிச் சரிக்கட்டுங்க.”

“பேசியாச்சு சார். முடியாது.”

“அப்ப லாரித் தண்ணி கொண்டு வாங்க.”

இங்கே அதற்குப் பெயர் பவுசர். பவுசரும் இன்னொரு கிணற்றிலிருந்துதான் வரும், அங்கேயும் ஒரு புவனேஸ்வரி இருப்பார் என்றேன். அடுத்த புதனுக்குத் தள்ளலாமா என்றால், கதாநாயகி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறார். அதுவும் முடியாது.

“அப்ப மழையே இல்லாம எடுக்கச் சொல்றீங்களா? அந்தக் காட்சிக்காகத்தான் மேடம் நான் இந்தக் கதையே எழுதினேன்.” எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கி வருவதாக இல்லை. நாளைக்கு வழி சொல்கிறேன் என்றேன். கையில் வழி எதுவும் இல்லை.

விடியற்காலையில் நெல்லியடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பேருந்தின் ஹாரன் எழுப்பிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டத்தில் தூவல் குழாய் வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றித் தெளிக்கும் குழாய். பனைகளுக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் மேலே வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, தண்ணீருக்கு நேர் பின்னால் வெளிச்சம். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது, மாவு சலிக்கும்போது வெயிலில் பறக்குமே, அதுபோல. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மழையைக் கேமராவில் பிடிப்பது பெரிய தொல்லை. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் தண்ணீர் தெரியாது. அதனால் பின்னால் பெரிய பெரிய விளக்குகளை வைப்போம். விளக்குக்கு ஜெனரேட்டர். அப்படியும் தெரியாவிட்டால் தண்ணீரில் பால் கலப்பார்கள். இங்கே ஒரு தூவல் குழாயை வைத்துக்கொண்டு சூரியன் அத்தனையையும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. போனில் படம் பிடித்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சனிக்கிழமை புவனேஸ்வரி எப்படியும் தண்ணீர் விடத்தான் போகிறார். அந்தத் தண்ணீரே மழையாக, அவர் வெங்காயத்தின் மேலேயே பெய்தால் என்ன?

அன்ரன் வேனைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தார். “கெதியா போவம் அண்ணா” என்றேன். என் வாயில் அவர்கள் பேச்சு வந்ததைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு உண்மையாகவே வேகமாக ஓட்டினார். விடுதி அறையில் சக்தி காபிகூடக் குடித்திருக்கவில்லை. போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“இது எங்க?”

“நம்ம லொகேஷன் பக்கத்துலதான்.”

“எத்தனை லைட்டு?”

“சூரியன் ஒண்ணுதான் சார்.”

யோசித்தார். “ஆனா சீன் முற்றத்துல. அவ எதுக்கு வெங்காயத் தோட்டத்துக்குப் போகணும்?”

“ஊரைவிட்டுப் போக மாட்டேன்னு முடிவு பண்றவ, முற்றத்துலேயே நின்னா போதுமா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சக்தி கண்ணை மூடினால் மனசுக்குள் ஷாட் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

புவனேஸ்வரியைச் சம்மதிக்க வைப்பது அத்தனை சுலபமாக இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். துளி பெரிதாக விழுந்தால் வெங்காயத் தாள் மடங்கிவிடுமே? பாத்திக்குள் யாராவது இறங்கினால்? மழை நன்றாகத் தெரியத் தண்ணீரில் ஏதோ கலப்பார்களாமே? அந்தக் கடைசி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஒண்டும் கலக்கப்படாது. ஒருத்தரும் பாத்தியை மிதிக்கப்படாது, அந்தப் பிள்ளையும் வரம்பிலைதான் நிக்கோணும். மூண்டாவது, காணும் எண்டு நான் சொல்லேக்கை நிப்பாட்டோணும். கனக்க விட்டால் அழுகும்.”

வரம்பு என்றால் வரப்பு, காணும் என்றால் போதும். சக்தியும் பக்கத்தில்தான் இருந்தார், தலையாட்டினார். “நீங்க சொன்னதும் நிறுத்துவோம் அக்கா. என் பொறுப்பு” என்றேன்.

“அப்ப சரி. படத்திலை வெங்காயம் வடிவாத் தெரியுமோ?”

“அழகாத் தெரியும்.”

“களை பிடுங்கி வைக்கிறன்” என்று உள்ளே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை மழை போடுகிற சுனில் கொழும்பிலிருந்து குழாய்களோடு வந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், எனக்குச் சிங்களம் அறவே வராது. நடுவில் அன்ரன். புவனேஸ்வரியின் மோட்டர் கிணற்றடித் தொட்டியை நிரப்ப வேண்டும், தொட்டியிலிருந்து சுனிலின் பம்ப் எடுக்க வேண்டும், அந்தப் பம்ப் நான் கொண்டுவந்த பேட்டரியில் ஓட வேண்டும், துளி பூந்தூறலாக விழ வேண்டும், பால் கிடையாது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கச் சுனிலின் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் போனை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய் யாரிடமோ பேசினார். என்ன சொல்கிறார் என்று அன்ரனைக் கேட்டேன்.

“‘இங்கே ஒரு அம்மா வந்திருக்கிறாள். ஜெனரேட்டர் வேண்டாமாம், பவுசர் வேண்டாமாம், பால் வேண்டாமாம். இனி மழையும் வேண்டாம் என்பாள் போலிருக்கிறது’ என்று சொல்கிறார்” என்று அன்ரன் சுத்தமான புத்தகத் தமிழில் மொழிபெயர்த்தார். நல்ல பெயர் வாங்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சுனில் கைகாரர். திட்டிக்கொண்டே குழாய்களில் வேறு மூக்குகளை மாட்டி, மதியத்துக்குள் ஒரு வாளித் தண்ணீரை வைத்தே வெறும் மண்ணில் ஒரு பூந்தூறலைப் பெய்ய வைத்துக் காட்டினார். கையை நீட்டிப் பார்த்தேன். ரோமத்தில் ஒட்டிக்கொள்கிற துளி.

அன்று மதியம் யூனிட் வாழையிலையில் சாப்பிட்டது. கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, சொதி. பாத்திரங்களைக் கழுவும் முதல் முறையை நான் எனக்குப் போட்டுக்கொண்டேன். இரண்டாவதை இயக்குநருக்குப் போட்டேன். அவர் முறைத்தார், ஆனால் கழுவினார். முதலாளியம்மா அதைக் காட்டத் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை இருட்டோடு எல்லாரும் தோட்டத்தில். ஒன்பது மணிக்கு முன் கண் திறக்காதவர்கள் எவர்சில்வர் டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்து, கை சுடுகிறது என்று என்னைச் சபித்தபடி தேநீர் குடித்தார்கள். புவனேஸ்வரி வெங்காயத்தை முந்தின நாளே களையெடுத்து, வரம்பு செதுக்கி, கல்யாணப் பெண்ணைப் போல வைத்திருந்தார். அவரும் நல்ல சேலை உடுத்தியிருந்தார். படத்தில் வரப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். மோட்டர் சுவிட்ச் இருந்த கொட்டிலின் வாசலில், பாத்திகள் எல்லாம் தெரியும்படி நின்றுகொண்டார்.

பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. சக்தி கையைக் காட்டினார். சுனில் திறந்தார்.

அந்த மழையை நான் எப்படிச் சொல்வேன்? பச்சைத் தாள்களின் மேல், வரம்பின் மேல், அங்கே நின்ற கதாநாயகியின் முடியின் மேல், பொன்னாக இறங்கியது. ஜெனரேட்டர் இரைச்சல் இல்லாததால் தண்ணீர் வெங்காயத் தாளில் விழும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் எத்தனையோ சினிமா மழை பார்த்திருக்கிறேன். ஒன்றின் சத்தத்தைக்கூட அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காட்சி முடியும் தறுவாயில் கதாநாயகி புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டார். குளிர்ந்த தண்ணீர், பாவம், அவர் என்ன செய்வார்?

“கட்” என்றார் சக்தி. “அருமை. ஆனா அந்த மூக்கு. ஒன் மோர்.”

தலைமுடியைத் துவட்டி, சேலை மாற்றி, மறுபடி நிறுத்துவதற்குள் சூரியன் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இன்னும் நேரம் இருந்தது. மறுபடி மழை. இந்தத் தடவை அந்தப் பெண் முதல் தடவையைவிட நன்றாகச் செய்தார். முகத்தை மெல்ல நிமிர்த்தினார். சக்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் பாத்திகளைப் பார்த்தேன். தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் மேலே மினுங்கத் தொடங்கியிருந்தது.

மோட்டர் நின்றது. தொட்டியிலிருந்த மிச்சமும் தீர்ந்து, தூறல் இளைத்து, குழாய் நுனியில் சொட்டி, ஓய்ந்தது. அந்தப் பெண் நிமிர்ந்த முகத்தோடு அப்படியே நின்றார்.

“யாரு நிறுத்தினது? நான் கட் சொல்லலையே” என்று எழுந்தார் சக்தி.

“காணும்” என்றார் புவனேஸ்வரி. கை சுவிட்சின் மேல் இருந்தது.

“அம்மா, பாதிதான் ஆச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம். கிணத்துல தண்ணி இருக்கே.”

“இருக்குது தம்பி. அது நாளைக்குச் செல்லத்துரை அண்ணையின்ரை.”

சக்தி என்னைப் பார்த்தார். கேமராக்காரர்கள், ஒலிக்காரர்கள், ஈரச் சேலையில் நடுங்கும் கதாநாயகி, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம்தான். ஒரு வார்த்தை கெஞ்சிக் கேட்டால் அவர் விட்டுத் தருவாரோ என்னவோ. கையில் இருப்பது மூக்கைத் துடைக்கிற ஒரு டேக் மட்டும். அதை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் நான் என்ன பேசுவேன் என்பதும் அந்த நேரத்தில் மனதில் ஓடாமல் இல்லை. புவனேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. பாத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய வேலை முடிந்தது என்று அறிவிக்கப் படப்பிடிப்பில் ஒரு வார்த்தை உண்டு. அதை இயக்குநர் சொல்வார், அல்லது அவர் தலையாட்டிய பிறகு இணை இயக்குநர் சொல்வார். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வரம்பில் கால் வழுக்காமல் நடந்து போய், கொட்டில் வாசலில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

“பேக் அப்” என்றேன்.

யாரும் அசையவில்லை. பிறகு சுனில் குனிந்து முதல் குழாயைக் கழற்றினார்.